மேட்டை மூடியாச்சு, லாரி எங்கே போகும்?

1993 நவம்பரில் நடந்த நியூயார்க் மேயர் தேர்தலில் ருடால்ஃப் ஜூலியானி சுமார் 53,000 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஸ்டேட்டன் தீவில் மட்டும் எதிராளியைவிட அவருக்கு 90,000-க்கும் மேல் கூடுதலாக விழுந்திருந்தது. மாநகரத்தின் மற்ற நான்கு வட்டாரங்களை மட்டும் எண்ணியிருந்தால் அவர் தோற்றிருப்பார். அதே நாளில் அந்தத் தீவுக்காரர்கள் இன்னொரு கேள்விக்கும் ஓட்டுப் போட்டார்கள். நியூயார்க்கை விட்டே பிரிந்து தனி நகரமாகப் போய்விடலாமா? நூற்றுக்கு 65 பேர் போய்விடலாம் என்றார்கள்.

இதற்கும் குப்பைக்கும் என்ன சம்பந்தம் என்றால், சம்பந்தமே அதுதான். தீவின் கோபத்துக்குக் காரணங்கள் பல. எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது ஃப்ரெஷ் கில்ஸ் குப்பைக் கிடங்கு.

அது 1948-ல் தொடங்கியது. நகரின் பாலங்களையும் நெடுஞ்சாலைகளையும் பூங்காக்களையும் தன் இஷ்டப்படி அமைத்துக்கொண்டிருந்த ராபர்ட் மோசஸ் காலம். உப்பங்கழிச் சதுப்பு நிலத்தைக் குப்பை போட்டு நிரப்பிவிட்டால் பிறகு வீடு கட்டலாம், சாலை போடலாம் என்பது அன்றைய கணக்கு. மூன்று வருஷம்தான், தற்காலிக ஏற்பாடுதான் என்று சொல்லப்பட்டது. தற்காலிகம் என்று சொல்லி அரசாங்கம் தொடங்கும் எதற்கும் ஆயுசு கெட்டி என்பது நம் ஊரிலும் தெரிந்த சங்கதிதான். அந்த மூன்று வருஷம் 53 வருஷமாக நீண்டது. கிடங்கின் பரப்பு சுமார் 2,200 ஏக்கர். 1986, 87 வாக்கில் உச்சத்தில் இருந்தபோது ஒரு நாளைக்கு 29,000 டன் குப்பை அங்கே வந்து சேர்ந்தது. நகரின் மற்றக் கிடங்குகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1991-க்குப் பிறகு, ஜனத்தொகை எண்பது லட்சத்தை நெருங்கிக்கொண்டிருந்த நகரத்தின் வீட்டுக் குப்பைக்கு இருந்த ஒரே கிடங்கு இதுதான். ஜனத்தொகையில் இருபதில் ஒரு பங்கு வாழும் தீவுக்கு ஊரின் மொத்தக் குப்பையும் வந்தது. பக்கத்திலேயே ஒரு பெரிய வணிக வளாகம். கார் நிறுத்துமிடத்தில் இறங்கினாலே நாற்றம் மூக்கில் ஏறும். தலைக்கு மேலே கடற்பறவைக் கூட்டம் சுற்றும்.

ஆக, அது மூடப்பட வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மூடிய விதம்தான் கதை.

1996-ல் நட்சத்திரங்கள் ஒரே நேர்கோட்டில் வந்தன. மாநில ஆளுநர் ஜார்ஜ் பட்டாக்கி, மேயர் ஜூலியானி, ஸ்டேட்டன் தீவின் வட்டாரத் தலைவர் கை மோலினாரி மூவரும் குடியரசுக் கட்சி. ஆளுநருக்கும் மேயருக்கும் அந்தத் தீவின் ஓட்டு வேண்டும். சில வாரங்களில் காரியம் முடிந்தது. 2001 டிசம்பர் 31-க்குப் பிறகு ஃப்ரெஷ் கில்ஸில் குப்பை கொட்டக் கூடாது என்று மாநிலச் சட்டமே வந்துவிட்டது. மறுதேர்தலில் ஜெயித்தால் ஜூலியானியின் இரண்டாவது பதவிக்காலம் முடியும் நாளும் அதே டிசம்பர் 31. தேதி எங்கிருந்து வந்தது என்று ஆராய வேண்டியதில்லை.

சட்டத்தில் தேதி இருந்தது. அந்தத் தேதிக்கு மறுநாள் காலையில் சேரும் குப்பை எங்கே போகும் என்பது இல்லை. அதை யோசிக்க ஒரு குழு பிறகு போடப்பட்டது. எரித்துவிடலாம் என்றால் நகராட்சியின் எரியுலைகள் 1990-களின் நடுப்பகுதிக்குள் எல்லாமே நின்றுபோயிருந்தன. புரூக்ளின் கடற்படைத் தளத்தில் புதிதாக ஒன்று கட்டும் திட்டமும் பல வருஷ இழுபறிக்குப் பின் கைவிடப்பட்டது. மிச்சமிருந்த ஒரே வழி, வெளியூருக்கு அனுப்புவது.

இந்த இடத்தில் டிரான்ஸ்பர் ஸ்டேஷன் என்றால் என்ன என்று கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். தெருத்தெருவாகக் குப்பை அள்ளும் லாரி பத்து, பன்னிரண்டு டன் பிடிக்கும். அதில் ஓட்டுநரும் உதவியாளும் இருப்பார்கள். அது நின்று நின்று போவதற்கென்றே செய்த வண்டி, டீசலைக் குடிக்கும். அதை நெடுஞ்சாலையில் 500 கிலோமீட்டர் ஓட்டினால் கூலியும் எரிபொருளும் கட்டுப்படியாகாது. அன்றைக்குத் தெருவில் குப்பையும் அள்ளப்படாது. அதனால் ஊருக்குள்ளேயே ஓர் இடத்தில் லோடை இறக்கி, இருபது டன்னுக்கு மேல் கொள்ளும் டிரெய்லருக்கோ ரயிலுக்கோ படகுக்கோ மாற்றி அனுப்புவார்கள். அந்த இடம்தான் மாற்று நிலையம். குப்பை அங்கே தங்குவதில்லை, கைமாறுகிறது. கிடங்கு ஊருக்கு வெளியே இருந்தால் போதும். மாற்று நிலையம் ஊருக்குள் இருந்தாக வேண்டும். எல்லா வில்லங்கமும் அந்த ஒரு வித்தியாசத்தில் இருக்கிறது.

நியூயார்க்கிடம் இப்படிப்பட்ட நிலையங்கள் முன்பே இருந்தன, அதுவும் நல்ல இடங்களில். மன்ஹாட்டன், புரூக்ளின், குயின்ஸ், பிராங்க்ஸ் கரைகளில் நீர்முனை மாற்று நிலையங்கள். லாரி சரிவுப் பாதையில் ஏறி உள்ளே வரும், பின்புறத்தைத் தூக்கும், குப்பை கீழே நிற்கும் திறந்த பார்ஜில் (தட்டைச் சரக்குப் படகு) நேராக விழும். ஒரு பார்ஜில் சுமார் 650 டன். இழுவைப் படகு அதை ஸ்டேட்டன் தீவுக்கு இழுத்துப் போகும். காற்றடித்தால் பிளாஸ்டிக் பைகள் பறந்து தண்ணீரில் மிதக்கும். எதிர்க்கரையில் இருந்த நியூஜெர்சியின் வுட்பிரிட்ஜ் ஊர்க்காரர்கள் தங்கள் கடற்கரையில் ஒதுங்கிய குப்பைக்காக வழக்கே போட்டார்கள். அழுக்கான ஏற்பாடுதான். ஆனாலும் ஒவ்வொரு வட்டாரமும் தன் குப்பையைத் தன் கரையிலிருந்து ஏற்றி அனுப்பியது. ஒரு பார்ஜ் போனால் அறுபது எழுபது லாரிகளுக்குச் சாலையில் வேலை இல்லை.

ஃப்ரெஷ் கில்ஸ் மூடப்பட்டால் இந்த நிலையங்கள் என்ன ஆகும்? உதவாது. ஏனென்றால் திறந்த பார்ஜில் குவியலாகக் கிடக்கும் குப்பையை வாரி இறக்கும் கிரேன்களும் துறையும் ஃப்ரெஷ் கில்ஸில்தான் இருந்தன. வர்ஜீனியாவிலோ பென்சில்வேனியாவிலோ உள்ள கிடங்குகள் அப்படி எதையும் வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. கிடங்கை மூடும் சட்டம் ஒரே வீச்சில் படகுப் போக்குவரத்தையும் சேர்த்து மூடிவிட்டது. இதை 1996-லேயே யோசித்து, மூடிய கன்டெய்னரில் ஏற்றும்படி அந்த நிலையங்களை முதலில் மாற்றிவிட்டுப் பிறகு தேதி குறித்திருந்தால், அடுத்த இருபது வருஷச் சண்டையில் பாதி இருந்திருக்காது.

அது நடக்கவில்லை. தயாராகக் காத்திருந்தவர்கள் தனியார். 1980-களின் கடைசியில், ஃப்ரெஷ் கில்ஸ் சீக்கிரம் நிரம்பிவிடாமல் இருக்கவேண்டும் என்று, கடை, அலுவலகக் குப்பையைக் கொண்டுவரும் தனியார் வண்டிகளுக்கான கட்டணத்தை நகராட்சி ஒரேயடியாக உயர்த்தியது. அங்கே கொட்டுவதைவிட வெளிமாநிலத்துக்கு அனுப்புவது மலிவு என்றானது. உடனே தனியார் மாற்று நிலையங்கள் முளைத்தன. தகரக் கொட்டகை, சிமெண்டுத் தரை, ஒரு லோடர், ஓர் எடைமேடை இருந்தால் தொழில் தொடங்கிவிடலாம். எங்கே முளைக்கும்? கனரகத் தொழிலுக்கு ஒதுக்கிய, நிலம் மலிவான, எதிர்த்துக் கேட்க ஆள்பலம் இல்லாத இடத்தில். தெற்கு பிராங்க்ஸ், புரூக்ளினின் வடகோடியில் உள்ள கிரீன்பாயின்ட், வில்லியம்ஸ்பர்க், குயின்ஸின் தென்கிழக்கு மூலை. 1997-லிருந்து வீட்டுக் குப்பையும் இந்தக் கொட்டகைகளுக்கே திருப்பிவிடப்பட்டது. நகரம் கையாளும் குப்பையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இந்த மூன்று பகுதிகள் வழியாகவே போகும் நிலை வந்தது.

அந்தத் தெருக்களில் அன்றாடம் எப்படி என்றால், விடிகாலையில் நிலையத்தின் கதவு திறப்பதற்கு முன்பே குப்பை லாரிகள் எஞ்சினை அணைக்காமல் வரிசை கட்டி நிற்கும். உள்ளே இறக்கிவிட்டு அவை போகும். பின்னாலேயே பெரிய டிரெய்லர்கள் ஏற்றிக்கொள்ள வரும். ஒரே குப்பைக்கு இரண்டு முறை வண்டிப் போக்குவரத்து. கசிந்த நீர் நடைபாதையோரம் ஓடும். நகரிலேயே குழந்தைகளுக்கு ஆஸ்துமா மிக அதிகமாக உள்ள பகுதிகளில் தெற்கு பிராங்க்ஸ் ஒன்று. லாரிப் புகை மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. அதைக் காரணப் பட்டியலிலிருந்து எடுத்துவிடவும் யாராலும் முடியவில்லை. ஸ்டேட்டன் தீவின் மூக்கு ஆறுதலடைய, இவர்களின் நுரையீரல் விலை கொடுத்தது. அவர்களுக்கு 53,000 ஓட்டு வித்தியாசத்தில் ஒரு மேயர் கடன்பட்டிருக்கவில்லை.

1997 ஜூலையில் வெளியேற்றம் தொடங்கியது, பிராங்க்ஸின் வீட்டுக் குப்பையோடு. பிறகு கட்டம் கட்டமாக மற்ற வட்டாரங்கள். மன்ஹாட்டன் குப்பையின் பெரும்பகுதி லாரியிலேயே ஆற்றடிச் சுரங்கச் சாலைகளைத் தாண்டி நியூஜெர்சியின் நியூவர்க் எரியுலைக்குப் போனது. மிச்சம் பென்சில்வேனியா, வர்ஜீனியா, இன்னும் தூரம்.

வாங்கிக்கொள்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டு வாங்குவார்கள் என்று நினைத்ததில் ஜூலியானிக்கு அனுபவம் போதவில்லை. 1999 ஜனவரியில் வர்ஜீனியாவில் முணுமுணுப்பு கிளம்பியபோது, நாங்கள் உங்களுக்குக் கலையும் பண்பாடும் தருகிறோம், பதிலுக்கு இதைக்கூட ஏற்கக் கூடாதா என்கிற தோரணையில் பேசிவைத்தார். வர்ஜீனியா ஆளுநர் ஜிம் கில்மோர் கொதித்துப்போய் எழுதிய பதிலில் வாஷிங்டனும் ஜெஃபர்சனும் பிறந்த மண் என்ற நினைவூட்டலும் இருந்தது. வெளிமாநிலக் குப்பையைக் குறிவைத்து, கிடங்குகள் ஏற்கும் அளவுக்கு உச்சவரம்பு வைத்து வர்ஜீனியா சட்டமும் போட்டது. நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. பிலடெல்பியாவுக்கும் நியூஜெர்சிக்கும் நடந்த வழக்கில் 1978-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது: குப்பையும் வணிகச் சரக்குதான், மாநில எல்லையில் அதை மறிக்க முடியாது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வர்ஜீனியாவின் சார்ல்ஸ் சிட்டி கவுண்டி ஏழ்மையான, கறுப்பின மக்கள் அதிகம் வாழும் கிராமப்புறம். அங்கே 1990-ல் தொடங்கிய தனியார் கிடங்கு டன் கணக்கில் கவுண்டிக்குக் கட்டணம் கட்டியது. அந்தப் பணத்தில் சொத்து வரி குறைந்தது, பள்ளிக்கூடங்கள் எழுந்தன. ஊர் விரும்பி ஏற்றதா, வேறு வழியில்லாமல் ஏற்றதா என்பது யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒன்று மட்டும் உறுதி: அப்படிப்பட்ட வருமானத்துக்குப் பழகிய ஊர், குப்பை குறைந்தால் கவலைப்படும்.

குப்பைக்கு இடம் கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை நியூயார்க் பக்கமே 1987-ல் பார்த்திருந்தது. லாங் தீவின் ஐஸ்லிப் நகரிலிருந்து மூவாயிரம் டன்னுக்கு மேல் குப்பையோடு கிளம்பிய மோப்ரோ 4000 என்ற பார்ஜ், வடக்கு கரோலினாவில் இறக்க அனுமதி கிடைக்காமல், மெக்சிகோ, பெலிஸ் வரை போய், எங்கும் இறங்க முடியாமல் மாதக்கணக்கில் அலைந்து ஊருக்கே திரும்பியது. கடைசியில் புரூக்ளினில் எரிக்கப்பட்டு, சாம்பல் ஐஸ்லிப்பிலேயே புதைக்கப்பட்டது. தொலைக்காட்சிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஒன்பது வருஷம் கழித்து தேதி குறித்தவர்களுக்கு அது நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை.

கெடுவுக்கு ஒன்பது மாதம் முன்பே, 2001 மார்ச் 22-ல் கடைசி பார்ஜ் ஃப்ரெஷ் கில்ஸுக்கு வந்தது. விழா எடுத்தார்கள். ஆறு மாதத்தில் செப்டம்பர் 11. உலக வர்த்தக மையத்தின் இடிபாடுகளைச் சலித்து, இறந்தவர்களின் எச்சங்களைத் தேட விரிந்த, காவல் போடக்கூடிய இடம் வேண்டியிருந்தது. மூடிய கிடங்கு மறுபடி திறக்கப்பட்டது. சுமார் பத்து மாதம் அந்த வேலை நடந்தது. தங்கள் பிள்ளைகளின் சாம்பல் குப்பை மேட்டில் கிடக்கிறதே என்று பல குடும்பங்கள் வழக்காடின. அந்த மண் அங்கேயே மேற்கு மேட்டில் இருக்கிறது.

மூடுவது என்றால் கதவைப் பூட்டுவது அல்ல. ஃப்ரெஷ் கில்ஸ் பழைய காலத்துக் கிடங்கு. புதிய கிடங்குகளைப் போல அடியில் முழுக்கப் பிளாஸ்டிக் விரிப்பு கிடையாது. மேலே மண், வாயு வெளியேற ஓர் அடுக்கு, தண்ணீர் இறங்காத தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, வடிகால் அடுக்கு, மறுபடி மண், அதன்மேல் புல் என்று போர்த்தினார்கள். சுற்றிலும் கசிவுநீரைத் தடுக்கும் சுவர், அதைச் சுத்திகரிக்கும் ஆலை, மீத்தேனை உறிஞ்சும் குழாய்க் கிணறுகள். அந்த வாயுவைச் சுத்தம் செய்து தீவின் சுமார் 22,000 வீடுகளுக்குப் போகும் அளவுக்கு விற்றார்கள். நான்கு மேடுகளில் இரண்டை 1990-களிலேயே மூடிவிட்டார்கள். கிழக்கு மேடு 2011-ல். மேற்கு மேட்டின் போர்வை முடிந்தது 2021-ல்தான். கடைசி லோடு விழுந்து இருபது வருஷம் கழித்து! அதற்கப்புறமும் விதிப்படி குறைந்தது முப்பது ஆண்டு கண்காணிப்பு. சென்னைப் பெருங்குடியில் நடப்பது வேறு வழி: பழைய குப்பையைத் தோண்டி, சலித்து, பிரித்து நிலத்தை மீட்கிறார்கள். 225 அடி உயரம் வரை போன ஃப்ரெஷ் கில்ஸ் மேடுகளைத் தோண்டுவதை நியூயார்க் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. மேட்டின் மேல் பூங்கா வருகிறது. அதன் வடபகுதியில் முதல் 21 ஏக்கர் 2023 அக்டோபரில் திறந்தது. வெட்டுக்கிளிச் சிட்டுகள் அந்தப் புல்வெளியில் கூடு கட்டுகின்றன.

லாரிகளின் கதைக்குத் திரும்பினால், ஜூலியானிக்குப் பின் வந்த மைக்கேல் ப்ளூம்பர்க் 2002-ல் சொன்னது, யோசித்துப் பார்த்தால், ஆரம்பத்திலேயே யாராவது சொல்லியிருக்க வேண்டியது. பழைய நீர்முனை நிலையங்களை இடித்துக் கட்டுவோம். குப்பையை ஊருக்குள்ளேயே மூடிய கன்டெய்னரில் அடைப்போம். பார்ஜிலும் ரயிலிலும் அனுப்புவோம். ஒவ்வொரு வட்டாரமும் தன் குப்பையைத் தானே கையாளட்டும். 2006-ல் நகர மன்றம் அதை ஏற்றது. ஸ்டேட்டன் தீவுக்கு ஃப்ரெஷ் கில்ஸை ஒட்டியே ரயில் பாதையோடு ஒரு மாற்று நிலையம் வந்தது. தீவின் குப்பை தெற்கு கரோலினாவுக்கு ரயிலேறியது. பிராங்க்ஸ் குப்பையும் ரயிலில் வர்ஜீனியாவுக்குப் போனது. அதுவரை எல்லாம் சுமுகம்.

மன்ஹாட்டனில் மாட்டிக்கொண்டது. கிழக்கு 91-ஆம் தெருவின் கோடியில், ஆற்றங்கரையில், 1999-ல் நின்றுபோன பழைய நிலையம் இருந்தது. சுற்றிலும் நகரின் பணக்காரக் குடியிருப்புகள் சில. மேயரின் அதிகாரபூர்வ இல்லமான கிரேசி மாளிகை மூன்றே தெரு தள்ளி. நிலையத்துக்கு லாரி ஏறும் சரிவுப் பாதை, ஆஸ்பால்ட் கிரீன் என்ற விளையாட்டு மையத்தின் மைதானத்துக்கும் சிறுவர் திடலுக்கும் நடுவில் போகிறது. அந்த மையமே ஒரு காலத்தில் நகராட்சியின் தார் ஆலை. குழந்தைகள் விளையாடும் இடத்தில் குப்பை லாரியா என்று அப்பகுதியினர் வழக்குப் போட்டார்கள், பணம் திரட்டினார்கள், விளம்பரம் செய்தார்கள். பணக்காரர்களின் கூச்சல் என்று முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. பக்கத்திலேயே வசதி குறைந்தவர்களுக்கான அரசுக் குடியிருப்புகளும் இருக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் தெற்கு பிராங்க்ஸிலிருந்தும் வடக்கு புரூக்ளினிலிருந்தும் வந்தவர்கள் கூட்டங்களில் எழுந்து கேட்டது ஒன்றுதான். எங்கள் தெருவில் விளையாடுவது குழந்தைகள் இல்லையா? இத்தனை வருஷமாக உங்கள் குப்பையும் எங்கள் தெரு வழியாகத்தானே போகிறது?

2013 தேர்தலில் பில் டி ப்ளாசியோ அந்தப் பகுதியின் ஓட்டு போனாலும் சரி என்று நிலையத்தை ஆதரித்தார், ஜெயித்தார், கிரேசி மாளிகைக்கே குடிவந்தார். செலவு ஏறி ஏறி 20 கோடி டாலரைத் தாண்டியது. 2019 மார்ச்சில் நிலையம் திறந்தது. ஃப்ரெஷ் கில்ஸுக்குத் தேதி குறித்த சட்டத்துக்கும் இதற்கும் இடையே 23 வருஷம்.

உள்ளே வேலை நடக்கும் விதம் பழையதோடு ஒப்பிட முடியாத அளவு சுத்தம். லாரி எடைமேடையில் ஏறி இறங்கி மூடிய கூடத்துக்குள் வரும். காற்றை உள்ளிழுத்து நாற்றத்தை வடிகட்டி வெளியே விடும் அமைப்பு இருக்கிறது. தரையில் கொட்டியதை லோடர் திறப்பு வழியாகக் கீழே உள்ள கன்டெய்னருக்குள் தள்ளும். அமுக்கி, மூடி போட்டு, கிரேன் அதைத் தூக்கி பார்ஜில் அடுக்கும். பார்ஜ் துறைமுகத்துக்குப் போகும், அங்கிருந்து ரயில். குயின்ஸின் நார்த் ஷோர் நிலையமும் கிழக்கு 91-ஆம் தெரு நிலையமும் ஏற்றும் கன்டெய்னர்கள் நயாகரா ஃபால்ஸ் எரியுலைக்கும் பென்சில்வேனியாவின் செஸ்டர் எரியுலைக்கும் போகின்றன. செஸ்டர், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழை நகரம். அந்த உலையை மூடச் சொல்லி அங்கே பல வருஷமாகப் போராடுகிறார்கள். தெற்கு பிராங்க்ஸுக்குக் கிடைத்த நியாயம் ரயிலேறி அங்கே இறங்கியபோது அதே பழைய முகத்தோடு இருந்தது. குப்பையை வெளியேற்ற நகரம் ஆண்டுக்கு 40 கோடி டாலருக்கு மேல் கட்டுகிறது.

புதிய நிலையங்கள் வந்த பிறகுதான் பழைய கொட்டகைகளில் கைவைக்கச் சட்டம் வந்தது. 2018-ல் நகர மன்றம் வடக்கு புரூக்ளின் நிலையங்களின் அனுமதிக்கப்பட்ட கொள்ளளவைப் பாதியாகவும், தெற்கு பிராங்க்ஸிலும் தென்கிழக்குக் குயின்ஸிலும் மூன்றில் ஒரு பங்கும் குறைத்தது. ஆனால் படகும் ரயிலும் எடுத்துப் போவது வீட்டுக் குப்பையை. ஓட்டல், கடை, அலுவலகக் குப்பையை அள்ளுவது இன்றும் தனியார் வண்டிகள்; ராத்திரியில், ஒரே தெருவில் பல கம்பெனிகள், ஒன்றையொன்று முந்திக்கொண்டு, பெரும்பாலும் அந்தப் பழைய கொட்டகைகளுக்கே. நகரத்தை இருபது மண்டலமாகப் பிரித்து மண்டலத்துக்கு மூன்று கம்பெனிக்கு மேல் கூடாது என்று 2019-ல் சட்டம் போட்டார்கள். முதல் மண்டலம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2025 தொடக்கத்தில், குயின்ஸின் நடுப்பகுதியில். மிச்சப் பத்தொன்பதையும் படிப்படியாகக் கொண்டுவருவதாக அப்போது திட்டம். இந்த முறை கடைசி மண்டலத்துக்கான தேதியை 2019 சட்டத்தில் யாரும் எழுதிவைக்கவில்லை.